சுந்தரம்மாளின் தோட்டத்து விருந்து

வேலூர் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது பெரிய டாக்டர் பஞ்சாட்சரத்தைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. அவங்க என்ன ஆசைப்படறாங்களோ அதைக் கொடுங்க" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவும் இல்லை, பஞ்சாட்சரம் கேட்கவும் இல்லை. ஜவ்வாது மலையில் அரசாங்க டிஸ்பென்சரியில் வெகு காலமாகக் கம்பவுண்டராக இருப்பவர் அவர். இதே வார்த்தையை எத்தனையோ பேரிடம் தாமே சொல்லி அனுப்பியிருக்கிறார். சொல்லும்போது லேசாக இருந்த வார்த்தை, கேட்கும்போது கல்லாக நெஞ்சில் இறங்கியது.

மனைவி சுந்தரம்மாளை மலைக்குக் கொண்டு வந்து சேர்த்தாயிற்று. ஆனால் என்ன கொடுப்பது? தொண்டையில் வளர்ந்த கட்டி சோற்றை இறங்க விடுவதில்லை. கஞ்சித் தண்ணீரைக்கூட ஸ்பூனால் விட்டுவிட்டு, அது இறங்குகிறதா என்று அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருநாள் காலை, வலி மருந்து வேலை செய்து அவள் முகம் சற்றுத் தெளிந்திருந்த நேரம் பார்த்து அவரே கேட்டுவிட்டார்.

"சுந்தரம், உனக்கு இன்னா வேணும்னு சொல்லு. எதுவா இருந்தாலும் பரவால்ல."

அவள் ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"தோட்டத்துல ஒரு பார்ட்டி வெக்கணுங்க."

"பார்ட்டியா?"

"ஆமா. காட்டு பங்களாவுல வெச்சாங்களே, அந்த மாதிரி."

மருந்து மயக்கத்தில் உளறுகிறாளோ என்று முதலில் நினைத்தார். பிறகுதான் நினைவு வந்தது. சில வருஷங்களுக்கு முன் காட்டிலாகா அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போனபோது, பங்களாத் தோட்டத்தில் தேநீர் விருந்து வைத்தார்கள். வடை சுடுவதற்குச் சுந்தரம்மாளைக் கூப்பிட்டிருந்தார்கள். புல்தரையில் பிரம்பு நாற்காலிகள், மேசைமேல் வெள்ளைத் துணி, சாசரோடு கப்புகள். அந்தப் புல்லுக்கும் ரோஜாவுக்கும் கோடை முழுவதும் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தவர்கள் ஊர்ப் பெண்கள். விருந்தன்று அவர்கள் இடுப்பில் குடத்தோடு வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களை யாரும் விரட்டவில்லை. யாரும் உள்ளே கூப்பிடவும் இல்லை. சுந்தரம்மாள் மிஞ்சிய வடையைப் பொட்டலம் கட்டி, வேலிக்கு மேலாகக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"அவங்க ஊத்துன தண்ணில வளந்த செடிங்க. அவங்கள ஒரு நாளு அந்தச் சேர்ல உக்கார வெச்சா இன்னா கொறஞ்சிடும்?" என்று அன்று வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். அவரும் "ம்" என்றார். அத்தோடு அவர் மறந்துவிட்டார். அவள் மறக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

அதோடு இன்னொன்றும் இருந்தது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த வெறும் கல்தரையைக் கொத்திக் கொத்தி, மல்லியும் கனகாம்பரமும் டிசம்பர் பூவும் கொய்யாவும் கத்திரியும் வளர்த்து அவள் உண்டாக்கிய தோட்டம் அது. ஊரில் எந்தப் பெண் சமைந்தாலும், யாருக்குக் கல்யாணமானாலும் அங்கிருந்துதான் பூ போகும். வேலூரில் படுத்திருந்தபோது, தன் உடம்பைவிட அதைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை. எல்லாம் காய்ந்து கருகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினாள். ஆனால் தோட்டம் பச்சென்று இருந்தது. ஊர்ப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். யாரும் சொல்லிச் செய்ததல்ல. கேட்டதற்கு, "சும்மாதாம்மா, தண்ணிக்குப் போற வழிதானே" என்றார்கள். ஓடை இருப்பது எதிர்ப்பக்கத்தில்.

மலையடிவாரத்துப் படவேட்டிலிருந்து சமையல்காரர் முனிசாமி வந்து சேர்ந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எத்தினி பேரும்மா?"

"ஊரு மொத்தமும்."

"சோறா, டீயா?"

"மொதல்ல சோறு. அப்புறம் டீயும் வடையும். எல்லாரும் சேர்ல உக்காரணும்."

"சோறு துன்றப்போ சேர் வாணாம்மா. இலை மடியில கெடக்கும், சாம்பார் காலு வழியா ஓடிப் போயி படவேட்டுல நிக்கும்."

சுந்தரம்மாள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சுத் திணறலானது. முனிசாமி பதறி எழுந்தார். "சிரிக்காதீங்கம்மா! அய்யா என்ன மலைய வுட்டு உருட்டிவுட்டுடுவாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டை ஒவ்வொன்றாகச் சொன்னாள். தோட்டத்துக் கத்திரிக்காயில் சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, அப்பளம், பாயசம். எல்லாம் கேட்டுக்கொண்ட முனிசாமி வாய் தவறி, "உங்களுக்கு இன்னாம்மா பண்ணட்டும்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நான் பாத்துக்கினு இருப்பேம்ப்பா. அதுலயே வவுறு ரொம்பிடும்" என்றாள் அவள்.

பங்களாக் காவல்காரர் மனமிரங்கிப் பிரம்பு நாற்காலிகளைக் கொடுத்தார். கப்பும் சாசரும் போளூரில் வாடகைக்குக் கிடைத்தன. மிச்சம் இருந்தது ஊரை அழைப்பதுதான்.

அது சாமை அறுப்புக் காலம். பகலெல்லாம் கொல்லைக்காட்டில் இருப்பவர்கள் சாயங்காலம்தான் வீடு திரும்புவார்கள். அந்த நேரத்தில்தான் சுந்தரம்மாளுக்கு மூச்சுத் திணறும். அவள் கண்ணயர்ந்த சமயம் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டுப் பஞ்சாட்சரம் ஓடினார். போன ஒவ்வொரு வீட்டிலும் அவருடைய மனம் மட்டும் தம் வீட்டுக் கட்டிலருகேயே நின்றது. எழுந்து தண்ணீரை எடுக்கப் பார்ப்பாளோ? புரையேறுமோ? வாசலில் நின்றபடியே, "ஞாயித்துக்கிழமை காலைலயே எல்லாரும் நம்ம தோட்டத்துக்குச் சாப்புட வந்துடணும். அம்மா சொல்லச் சொல்லுச்சு" என்பார். "உள்ள வாங்கய்யா, ஒரு வாய் தண்ணி குடிங்க" என்று அவர்கள் சொல்வது காதில் விழும். "நேரமில்லம்மா" என்று அடுத்த வீட்டுக்குத் திரும்பிவிடுவார். ஊர்க்கவுண்டர் சக்கரவர்த்தியின் வீட்டில் அவர் மனைவி செல்லி சொம்போடு வெளியே வருவதற்குள், பஞ்சாட்சரம் பாதி தூரம் போய்விட்டிருந்தார். அவள் சொம்பும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பஞ்சாட்சரம் சுவாமி படத்துக்கு விளக்கேற்றி, 'தாயே, இன்றைக்கு ஒருநாள் அவளை நோகவிடாதே' என்று வேண்டிக்கொண்டார். வெந்நீரில் அவள் உடம்பைத் துடைத்துப் பச்சைப் புடவையைக் கட்டிவிட்டார். புடவை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியது. அவள் கண்ணாடி கேட்டாள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கொய்யா மரத்தடியில் நாற்காலியைப் போட்டு, தலையணை வைத்து உட்கார வைத்தார். காலை மருந்து உச்சிப் பொழுது வரைக்கும்தான் தாங்கும். அது இருவருக்கும் தெரியும்.

மரத்தடிகளில் நாற்காலிகள் வட்டமாகக் காத்திருந்தன. வாழையிலைகள் கழுவி அடுக்கப்பட்டிருந்தன. முனிசாமி பாயசத்தை இறக்கி மூடினார்.

யாரும் வரவில்லை.

"அறுப்புக்குப் போய்ட்டு வருவாங்க" என்றாள் சுந்தரம்மாள்.

வெயில் ஏறியது. பூசணிக்கூட்டின்மேல் ஏடு கட்டியது. முனிசாமி மூடியைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். வேலிப்பக்கம் ஏதோ சத்தம் கேட்க, அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஆடு.

"இந்த மலைக்காரங்களே இப்டித்தாம்மா" என்று முனிசாமி ஆரம்பித்தார். "சொன்னா சொன்ன நேரத்துக்கு—"

"அப்டி சொல்லாதப்பா. அவங்களுக்கு இன்னா கஷ்டமோ."

சற்று நேரம் கழித்து அவளே மெதுவாக, "நான் கூப்ட்டா வருவாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். பிறகு, கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க யாரையும் கோவிச்சுக்காதீங்க. சோத்த வீணாக்காம பள்ளிக்கூடத்து ஆஸ்டல் புள்ளைங்களுக்கு அனுப்பிடலாம்" என்றாள். கை நாற்காலிப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. வலி திரும்ப ஆரம்பித்துவிட்டது.

பஞ்சாட்சரத்தால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. முனிசாமியை அவளருகே இருக்கச் சொல்லிவிட்டு ஊருக்குள் போனார். போகப் போகக் கோபம் ஏறியது. எத்தனை காய்ச்சல், எத்தனை பிரசவம், எத்தனை பாம்புக்கடி! நடுமழையில் நடந்து போய் ஊசி போட்ட வீடுகள் இவை.

ஊர் முழுக்க வீட்டில்தான் இருந்தது. யாரும் கொல்லைக்குப் போகவில்லை. பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, சலவைப் புடவை கட்டியிருந்தார்கள். பிள்ளைகளுக்கு விபூதி இட்டிருந்தது. எந்தக் கூரையிலும் புகை இல்லை. எல்லோரும் வாசலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா சக்கரவர்த்தி!" என்றார் பஞ்சாட்சரம். "அங்க அது காலைலேர்ந்து வழிய பாத்துக்கினு கீது. வரமாட்டோம்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

சக்கரவர்த்தி எழுந்து நின்றார். செல்லிதான் முன்னே வந்தாள்.

"அய்யா, நீங்க எங்கள எப்டி கூப்ட்டீங்க?"

"எப்டின்னா?"

"வாசல்ல நின்னு சொன்னீங்க. உள்ள வரல. உக்காரல. ஒரு முழுங்கு தண்ணி குடிக்கல. ஒரு வூட்ல இல்ல, எல்லா வூட்லயும் அப்டியே. இன்னா சேதின்னா அப்டி வந்து சொல்லுவாங்க, நீங்களே சொல்லுங்க."

பஞ்சாட்சரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. நல்ல காரியத்துக்கு அழைக்க வருபவர் வீட்டுக்குள் வந்து, உட்கார்ந்து, அந்த வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். வாசலிலேயே நின்று, தண்ணீர் தொடாமல், அடுத்த வாசலுக்குப் போகிறவன் சாவுச் சேதி கொண்டு வருபவன். மலையில் மட்டுமா? அவர் பிறந்த கண்ணமங்கலத்திலும் அதுதான் வழக்கம். தெரியாதவர் அல்ல. ஓடிய ஓட்டத்தில் அது நினைவில் நிற்கவில்லை.

"அப்டி கூப்ட்ட சோறு கருமாதிச் சோறுங்கய்யா" என்றாள் செல்லி. "அம்மா உசுரோட கீது. அது எதிர்ல உக்காந்து பாக்கறப்போ நாங்க எப்டி அதுல கை வெக்கிறது? அதுக்கு ஆவாதுங்கய்யா." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"வந்து சொல்லத்தான் பாத்தோம்" என்றார் சக்கரவர்த்தி. "இந்த வார்த்தைய எந்த வாயால அம்மாகிட்ட சொல்றது? வூட்ல ஆக்கித் துன்னவும் மனசு வரல. அத்தொட்டு இப்டியே உக்காந்துக்கினு கீறோம்."

பிறர் நோகக் கூடாதென்று ஒதுங்கி நிற்பதும் அன்புதான். ஆனால் ஒதுங்கி நிற்பவரின் அன்பு மறுபக்கத்தில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. யாராவது ஒருவர் நடந்து போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. பஞ்சாட்சரம் தலையைக் குனிந்துகொண்டு சக்கரவர்த்தியின் வீட்டுக்குள் நுழைந்து பாயில் உட்கார்ந்தார். "செல்லி, தண்ணி குடும்மா" என்றார். குடித்துவிட்டு, "இப்போ எல்லா வூட்டுக்கும் போறேன்" என்று எழுந்தார்.

செல்லி வழியை மறித்தாள். "நீங்க வூடு வூடா ஏறி எறங்கனா பொழுது போயிடும். அம்மா நோவு தாங்காது. பொம்பள கூப்ட வேண்டிய சோறு இது. நீங்க போய் அதுங்கூட இருங்க. நாங்க வர்றோம்."

அவர் திரும்பி வந்து மனைவியின் காலடியில் உட்கார்ந்து, நடந்ததை மறைக்காமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்க அஞ்சி, புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கை அவர் தலைமேல் வந்து அமர்ந்தது.

"இதுதானா?" என்றாள். "என் உசுருக்கு பயந்துக்கினா பட்டினி கெடக்கறாங்க?"

"என்னாலதான் எல்லாம். உன் நல்ல நேரமெல்லாம் போச்சி."

"நான் தனியா கெடப்பேன்னு ஓடியாந்தீங்க. அத போயி இன்னான்னு சொல்றது!"

அப்போது வேலிப் படலுக்கு வெளியே ஆள் அரவம் கேட்டது. ஊர்ப் பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஆண்களும் பிள்ளைகளும் பின்னால். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு சொம்பு. யாரும் உள்ளே கால் வைக்கவில்லை.

"அம்மா" என்று செல்லி கூப்பிட்டாள். "நீங்க எங்க வூட்டுக்கு வர முடியாது. அத்தொட்டு நாங்களே வூட்டுத் தண்ணிய எடுத்தாந்துட்டோம். குடிச்சிட்டு வாய் தொறந்து கூப்டுங்க. வர்றோம்."

பஞ்சாட்சரமும் முனிசாமியும் சுந்தரம்மாளை நாற்காலியோடு தூக்கிப் படலுக்கருகே வைத்தார்கள். அவர் ஸ்பூனை எடுத்தார். ஒவ்வொரு சொம்பிலிருந்தும் ஒரு சொட்டு. அவள் உதட்டை நனைக்கும் அளவுதான். அதற்கே அவள் கண்ணை மூடி, கழுத்தைச் சாய்த்து, பாடுபட்டு விழுங்க வேண்டியிருந்தது. பிறகு கண்ணைத் திறந்து, எதிரே நிற்பவளைப் பார்த்து, காற்றுக் குரலில் கூப்பிடுவாள். "செல்லி, வூட்ல எல்லாரும் வாங்க, சாப்புட வாங்க." "மங்கம்மா, வாங்க." "காந்தா, புள்ளைங்கள கூட்டிக்கினு வா."

"எங்க வூட்டுத் தண்ணி பொக நாத்தம் அடிக்கும்மா" என்று கூச்சத்தோடு சொம்பை நீட்டினாள் காந்தா.

"உன் வூட்ல எதுடி பொக அடிக்கல? உன் புருசன் பீடிதான் ஊரு பூரா மணக்குதே" என்றாள் சுந்தரம்மாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

வரிசை நீண்டிருந்தது. பாதி வரும்போதே அவள் நெற்றி வியர்த்துவிட்டது. "போதும் சுந்தரம், ஒண்ணா எல்லாரையும் கூப்ட்டுடு" என்றார் அவர். அவள் தலையாட்டி மறுத்தாள். ஒரு வீட்டையும் விடவில்லை. கடைசிச் சொம்பின் சொட்டு உதட்டோரமாக வழிந்துவிட்டது. ஆனாலும் "வாம்மா" என்றாள்.

அதற்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை. பஞ்சாட்சரம் அவளை வாரியெடுத்து உள்ளே கொண்டு போய், ஜன்னலோரக் கட்டிலில் கிடத்தி மருந்து கொடுத்தார். வெளியே எல்லோரும் தயங்கி நின்றார்கள். "அம்மா கூப்ட்டாச்சி. உக்காருங்க" என்று சக்கரவர்த்தி குரல் கொடுத்ததும் இலை விழுந்தது. ஆறிய சாம்பாரை முனிசாமி மறுபடி சூடு பண்ணியிருந்தார். பசித்தவர்கள் சாப்பிடும் சத்தமும், பிள்ளைகள் பாயசத்துக்குச் சண்டை போடும் சத்தமும் ஜன்னல் வழியாக வந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டீ குடுத்தாச்சா?"

"முனிசாமி குடுத்துக்கினு கீறாரு."

"செல்லி சேர்ல உக்காந்தாளா?"

அவர் எட்டிப் பார்த்தார். நாற்காலிகள் எல்லாம் காலியாகத்தான் கிடந்தன. பெண்கள் அவற்றைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து, சாசரில் டீயை ஊற்றி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வெளியே ஓடினார்.

"எனக்கெதுக்குய்யா சேரு?" என்று செல்லி பின்வாங்கினாள்.

"அது கேக்குதும்மா."

அவள் புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, நாற்காலியின் விளிம்பில், ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் கப்பைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். பஞ்சாட்சரம் உள்ளே ஓடிவந்து, "உக்காந்துட்டாங்க சுந்தரம், எல்லாரும் உக்காந்துட்டாங்க. பாரு" என்றார். மருந்து அவளை எங்கோ கொண்டு போயிருந்தது. அவர் அவள் தலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தார். இமை திறக்கவில்லை. மெதுவாகத் தலையணையில் வைத்துவிட்டு, ஜன்னலருகே நின்று, அவளுக்காகத் தாமே அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். செல்லிக்கு இது தெரியாது. அவள் முதுகை நேராக வைத்துக்கொண்டு, கப்பு காலியான பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வெயில் தாழ்ந்தது. பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு, ஒவ்வொருவராக ஜன்னலருகே வந்து, உள்ளே பார்த்து, "அம்மா, போய்ட்டு வர்றோம்" என்று சொல்லிக்கொண்டார்கள். தூங்குகிறவளிடம் சத்தமாகச் சொல்லக் கூடாதென்று தாழ்ந்த குரலில் சொன்னார்கள். அவளுக்குப் பதிலாகப் பஞ்சாட்சரம், "போய்ட்டு வாங்க" என்று சொன்னார். இன்னும் சில நாளில் இதே பெண்கள் இந்த வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்து, சொல்லிக்கொள்ளாமல் திரும்பிப் போக வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ, போனவர்களில் சிலர் படல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கடைசியாகச் செல்லி வந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, போய்ட்டு வர்றேன். காலைல வந்து மல்லிக்குத் தண்ணி ஊத்தறேன்."

பஞ்சாட்சரம் பதில் சொல்ல வாயெடுத்தார். இத்தனை பேருக்குச் சொன்னவருக்கு இப்போது குரல் எழும்பவில்லை. கையை மட்டும் அசைத்தார்.

படுக்கையிலிருந்து காற்றாக ஒரு சத்தம் வந்தது.

"வாடி."

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் கண் மூடியேதான் இருந்தது.